வழித்த நாக்கு

என் முறை இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் நல்லதுதான், நேரமாகிவிட்டது என்று கவுண்டரில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், பையைத் தோளில் மாட்டினால் போதும், வீட்டில் பசாருக்குப் போவதாகத்தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், போகிற வழியில் இரண்டு கட்டு கீரையும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கிக்கொண்டால் பொய்யில் பாதி மெய்யாகிவிடும். ஆனால் எழுந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்காருவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. உதட்டை இறுக்கக் கூடாது, பிரிக்கவும் கூடாது, கேட்பவர்களுக்குத் தலையாலேயே பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டி வந்தால் கன்னத்தால் மட்டும் சிரிக்க வேண்டும். லோகேஸ்வரி அமைதியான பொண்ணு என்று நான் பேர் வாங்கியது இப்படித்தான். இந்த மருந்துக் கடையில் என் வாயைப் பற்றி யாரும் கவலைப்பட நியாயமில்லை, இங்கே அடிக்கிற வாடையில் என் வாய் எம்மாத்திரம், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள், ஒன்றில் வேர், ஒன்றில் பட்டை, ஒன்றில் காய்ந்த பூ, கண்ணாடிப் புட்டியில் கருவாடாய்க் காய்ந்த கடல்குதிரை, எல்லாம் சேர்ந்து ரொம்ப நாள் திறக்காத அலமாரிக்குள் தலையை விட்டது போல இருக்கிறது. முதல்முறை வந்தபோது இந்த வாடைதான் என்னை உட்கார வைத்தது. இங்கே நான் தெரியமாட்டேன் என்று ஒரு நிம்மதி. இன்றைக்கு அந்த நிம்மதிகூட இல்லை, நாக்கு எரிகிறது, காலையில் கொஞ்சம் அதிகமாகவே வழித்துவிட்டேன். நேற்று ராத்திரி வீட்டுக்காரர் வைத்த ஆட்டுக்கறிப் பிரட்டல்தான் காரணம், சாப்பிடாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து நான் வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், நல்லா இருக்கா என்று கேட்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நானும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். அது விடிகிற வரைக்கும் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வைத்தியரிடம் போகும்போது அப்படியொரு நாக்கோடு போக முடியுமா. வழித்தேன், கொப்பளித்தேன், மறுபடி வழித்தேன், கடைசியில் கொஞ்சம் ரத்தம் வந்தது, ரத்தம் வந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம், அதுதான் என் கணக்கு.

சீன வைத்தியரை இந்த ஊரில் எல்லாரும் சின்சே என்றுதான் சொல்வோம். நான் மனதில் வைத்திருந்த சின்சே தாடி வைத்த கிழவர், இவளோ என்னைவிடப் பத்து வயது சின்னவள், இயோ என்று பேர், சீனாவில் படித்துவிட்டு வந்து அப்பாவின் கடைக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மனதுக்குள் அவள், நேரில் டாக்டர். அவளிடம் என்னை அனுப்பியது என்னோடு வேலை பார்க்கும் மெய் ஃபோங். எனக்கு வேலை பல் கிளினிக்கில், முன்மேசையில், இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு வாய்த்திருக்காது. நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பற்றித்தான் பேச்சு, வாய் நாறுகிறது டாக்டர் என்று கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என் பல்லில் ஒரு குறையும் இல்லை, டாக்டரே சொல்லியிருக்கிறார், விளம்பரத்துக்குப் போடலாம் என்று. பல்லுக்குப் பின்னால் வருவதை அவர் எப்படிப் பார்ப்பார். குனிந்தால் புளித்துக்கொண்டு வருகிறது, படுத்தால் வருகிறது, அரசு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போடுகிறவரைக்கும் அடங்கியிருந்து, நிறுத்தியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறது. ஒருநாள் கிளினிக் சமையலறையில் மேல்துண்டைக் கடித்துக்கொண்டு நின்றதை மெய் ஃபோங் பார்த்துவிட்டாள். நெஞ்செரிச்சல் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. மற்றது என்னவென்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை, ஏனென்றால் தன் வாயைத் தானே மோந்து பார்க்க முடியாது. உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்த்திருக்கிறேன், சோப்பு வாசம்தான் வருகிறது. புறங்கையை நக்கிக் காயவிட்டுப் பார்த்தால் தெரியும் என்று எங்கோ படித்து அதையும் செய்தேன், கழிவறைக்குள் நின்று, நாற்பது தாண்டிய ஒரு பொம்பளை. தெரிந்ததா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இன்னொருத்தர் வேண்டும். யாரிடம் போய் ஊதிக் காட்டுவது, எந்த மூஞ்சியோடு.

ஒருத்தர் சொல்லிவிட்டார், அது போதாதா. முந்தையவர். அவர் பேரை நான் சொல்வதில்லை, மனதில்கூட முந்தையவர்தான். கல்யாணமான புதிதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பார், களைப்பு என்று நினைத்தேன். பிறகு கைக்குட்டையை மடித்து மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு தூங்கினார், சளி என்று நினைத்தேன். வண்டியில் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவார், அதற்கு மட்டும் என்ன நினைப்பதென்று தெரியவில்லை. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் எங்களோடு போயிருக்கும். எங்கள் மாமா வீட்டு ஹாலில், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, சேர்ந்து வாழ என்னய்யா கஷ்டம் உனக்கு, வாயைத் திறந்து சொல்லு என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ வாய் நாறுதுங்க." நான் சமையலறை வாசலில் தட்டில் கோப்பி வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ ஒரு பெண் சிரிப்பை மூக்கால் விட்டாள். இந்த மாதிரி நேரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்கள், எனக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், கோப்பியை எல்லாருக்கும் கொடுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவருக்கும் கொடுத்தேன். அடுத்த வாரம் அம்மா நகைக்கடைப் பையோடு வந்தார். உள்ளே ரோஸ் காகிதத்தில் சுற்றி வெள்ளியில் ஒரு நாக்கு வழிப்பான். மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆறுதலாகத்தான் வாங்கி வந்தார், இருப்பதில் நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். அவர்கூட அப்படித்தான் நினைக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது உண்மையாகவே நாறியதா, இல்லை, முந்தையவருக்கு என்னைப் பிடிக்காததற்குச் சொல்ல வேறொன்றும் கிடைக்காமல் அதைச் சொன்னாரா, இந்த இடத்துக்கு வந்தால் என் யோசனை நின்றுவிடும், எத்தனை வருஷமாக வந்தாலும் இங்கேதான் நிற்கும், இதற்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. வழிப்பான் மட்டும் தினமும் போய்வருகிறது.

கவுண்டரில் தராசு ஆடுகிறது, எதையோ நிறுத்துக் காகிதத்தில் கொட்டுகிறார்கள், எனக்கு முன்னால் இருந்த கிழவர் இருமிக்கொண்டே உள்ளே போகிறார். அடுத்தது நான். சிவனேசன் இந்நேரம் பட்டறையில் ஏதாவது லோரிக்கு அடியில் படுத்திருப்பார். எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு தீபாவளி வரவில்லை. அவருக்கு மனைவி தவறி நாலைந்து வருஷம், எனக்கு அந்தக் கதை, இரண்டு பேரும் கோயில் அலுவலகத்தில் வைத்துப் பேசினோம், பேசினார், நான் கன்னத்தால் சிரித்தேன். போகும்போது சொன்னார், "எனக்கு அதிகம் பேசத் தெரியாது, கையெல்லாம் கறுப்பா இருக்கும், பரவாயில்லனா சொல்லுங்க." பரவாயில்லை என்றேன், மேல்துண்டால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். வெட்கம்தான், ஆனால் வேறு வெட்கம். முதல் மாதம் சமாளித்தேன். பிறகு மல்லாந்து படுத்தாலே புளித்துக்கொண்டு மேலே வர ஆரம்பித்தது, ஒரு ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தபோது அவரும் எழுந்து முதுகில் கை வைத்தார், முகம் கிட்டே வந்தது, என்ன லோகா என்ன என்று என் வாய்க்கு நேராக. நான் தள்ளிவிட்டேன். கை தானாகத் தள்ளியது. அந்த முகம் எப்படி ஆனது என்று இருட்டில் தெரியவில்லை, தெரியாமல் போனது நல்லது என்று அப்போது நினைத்தேன். மறுநாளிலிருந்து ஹாலில் சாய்வு நாற்காலியில் படுக்கிறேன். முதுகுவலி என்று ஒருநாள், புழுக்கம் என்று ஒருநாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, ஹாலில் இன்னொரு விசிறி மாட்டினார், அவ்வளவுதான்.

கேட்கவில்லையே என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கேட்காத ஆம்பளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எப்படித் தெரியும். முந்தையவரும் கேட்கவில்லை, கடைசியில் மொத்தமாகச் சொன்னார். அதோடு இவர் கொஞ்ச நாளாகக் குளித்துக்கொண்டே இருக்கிறார். பட்டறையிலிருந்து வந்ததும் துணி சோப்புத்தூளில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முழங்கை வரைக்கும் தேய்க்கிறார், கை வெடித்து ஓரத்தில் சிவந்திருக்கிறது, அப்புறம் ஒரு குளியல், சாப்பிட்ட பிறகு இன்னொரு குளியல், புதிதாக ஒரு சந்தன சோப்பு, கழுத்தில் பவுடர், வாயில் ஏலக்காய். ஒரு பாட்டில் சென்ட்டுகூட வந்திருக்கிறது, அலமாரியில் சட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். ஐம்பது வயதில் ஒரு லோரி மெக்கானிக்குக்கு எதற்கு இவ்வளவு பவுடர். மெய் ஃபோங்கிடம் சொன்னால் கண்ணை உருட்டியிருப்பாள், அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி பூசாரி வீட்டுக்குப் போகிறேன் என்று போனார், பவுடர் போட்டுக்கொண்டுதான் போனார், பூசாரிக்கா பவுடர். என்ன கேட்பது, ஹாலில் படுத்துக்கொண்டிருக்கிறவள் எந்த உரிமையில் கேட்பது. வெளியே ஏதோ இருந்தால் அதற்கும் காரணம் என் வாய்தான். வேடிக்கை என்னவென்றால் அவர்மேல் வருகிற அந்த டீசலும் கிரீஸும் கலந்த வாடை எனக்குப் பிடிக்கும், முதல் மாதத்தில் அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்கிற மெஷினில் போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது அவர் வீட்டுக்குள் வந்தால் சோப்புக் கடை வந்த மாதிரி இருக்கிறது. பழைய வாடை போய்விட்டது. யாருக்காகக் கழுவிக்கொண்டு போனாரோ என்று அதற்கும் ஒரு கண்ணீர் வருகிறது, சனியன், அழுதாலும் புளித்துக்கொண்டு மேலேதான் வருகிறது.

"லோகே-ஸ்வாரி." கவுண்டரில் கூப்பிடுகிறார்கள். உள்ளே போகிறேன். சின்சே இயோ சிரிக்கிறாள், நான் கன்னத்தால் சிரிக்கிறேன். மேசைமேல் சின்னத் தலையணை, அதில் மணிக்கட்டை வைக்கிறேன், அவள் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். இந்த நேரம் எனக்குப் பிடிக்கும். பேச வேண்டாம், ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். வலது கை, இடது கை. எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். மருந்து எப்படி என்று கேட்கிறாள். ஓகே என்கிறேன். ஓகே இல்லை, அவள் பை பையாக அடைத்துக் கொடுத்த கஷாயம் பழுப்பாக, வழவழப்பாக, லேசான இனிப்பாக, குடித்ததும் வயிற்றில் ஈரத் துணி போட்ட மாதிரி கனக்கிறது, குடிக்க ஆரம்பித்த பிறகுதான் புளிப்பு முன்னைவிட மேலே வருகிறது. ஒவ்வொரு பையையும் கிளினிக் ஐஸ்பெட்டியில் ஊசிமருந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சுடவைத்துக் குடிக்கிறேன், ஒரு வேளை தவறவிட்டதில்லை. ஆனால் இவ்வளவு அன்பாகப் பார்க்கிற பிள்ளையிடம் உன் மருந்து வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது. முதல் நாளும் அப்படித்தான், தூக்கம் எப்படி, கோபம் வருமா, வந்தால் விழுங்கிவிடுவீர்களா, மனதில் ஏதாவது துக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், எல்லாம் நல்லா இருக்கு என்றேன். எல்லாம் நல்லா இருக்கிறவள் எதற்கு வைத்தியரிடம் வந்தாள் என்று அவள் கேட்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்கிறாள். இதற்காகத்தான் காலையிலிருந்து தயாராகியிருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டுகிறேன். எப்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுவாள், இன்றைக்கு எழுதவில்லை. சின்ன டார்ச்சை எடுத்து அடிக்கிறாள். இன்னும் நீட்டுங்கள் என்கிறாள். அவள் முகம் கிட்டே வருகிறது, நான் நாற்காலியோடு பின்னால் நகர்கிறேன், அவளும் நகர்ந்து வருகிறாள். மூச்சை இதற்குமேல் பிடிக்க முடியாது, விட்டால் அவள் முகத்தில்தான் போகும். விட்டுவிட்டேன். அவள் விலகவில்லை. இது எப்படி ஆனது, குறுக்கே கோடு கோடாக, இங்கே ரத்தம்கூட, என்று கேட்கிறாள்.

சொல்ல வார்த்தை இல்லை, மலாயில் நாக்கு வழிப்பானுக்கு என்ன பேரென்று எனக்குத் தெரியாது. விரலை வளைத்து நாக்கிலிருந்து வெளியே இழுத்துக் காட்டினேன். தினமுமா என்றாள். தலையாட்டினேன். எத்தனை தடவை. விரலைக் காட்டினேன், குறைத்துத்தான் காட்டினேன். முதல் நாள் இங்கே வரும்போதும் இப்படி வழித்துவிட்டுத்தான் வந்தீர்களா. பின்னே, வைத்தியரிடம் அழுக்கு நாக்கோடு யாராவது வருவார்களா, எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. இதைச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், நாக்கின் மேல் படிவது அழுக்கில்லை அக்கா, வயிற்றிலிருந்து எழும்புகிற ஆவிதான் அங்கே படிகிறது, சோற்றுப் பானையின் மூடியில் தண்ணீர் படிகிற மாதிரி, எங்களுக்குப் பானையைத் திறந்து பார்க்க முடியாது, மூடியைப் பார்த்துத்தான் உள்ளே என்ன என்று சொல்வோம். உங்கள் நாக்கில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது, வயிறு வறண்டு போயிருக்கிறது என்று நினைத்து ஈரம் கொடுக்கிற மருந்தாகக் கொடுத்துவிட்டேன். நாடி வேறு மாதிரி சொன்னது, எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது, நாக்கை நம்பினேன். ஏற்கனவே தண்ணீர் கட்டிக் கிடக்கிற வயிற்றில் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். குடித்த பிறகு அதிகமாகியிருக்குமே, ஏன் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மேசைமேல் இருந்த டிஷ்யூப் பெட்டியைத் தள்ளினாள், பார்க்காத மாதிரி எழுதியதை அடித்தாள். மருந்து இன்றைக்குக் கிடையாது என்றாள். அந்தப் பைகளைக் குடிக்க வேண்டாம், வெந்நீர் குடியுங்கள், இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். நாக்கை வழிக்காதீர்கள். நாளைக்கும் நாளை மறுநாளும் காலையில் எழுந்ததும் வாயில் தண்ணீர் படுவதற்கு முன்னால் வாசல் வெளிச்சத்தில் நாக்கை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நீங்களே எடுத்தால் கையின் நிழல் விழும், நாக்கும் விறைத்துக்கொள்ளும், அடி நாக்கு தெரியாது. வீட்டில் யாராவது எடுக்கட்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவர் என்றேன். அப்போது சுலபம் என்றாள். வாசல் வரைக்கும் வந்து, என்னவோ தோன்றியது போல மறுபடி சொன்னாள்: "உங்கள் நாக்கை நான் இன்னும் பார்க்கவே இல்லை அக்கா."

சுலபமாம். வெளியே வந்தால் மழை. எங்கள் தைப்பிங் ஊர் மழைக்கு நேரம் காலம் கிடையாது, கடைக்கு முன்னால் நடைபாதையில் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், என் மோட்டார் சைக்கிள் நனைந்துகொண்டு நிற்கிறது. ஒருவர் பார்க்க வேண்டும். விடியற்காலையில், வழிக்காத நாக்கை, கொப்பளிக்காத வாயை, ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு நிற்க, அவர் கிட்டே வந்து கைபேசியைப் பிடிக்க வேண்டும். முந்தையவர் எனக்குத் தெரியாமல் கண்டுபிடித்ததை இவருக்கு நானே கூப்பிட்டுக் காட்ட வேண்டும். மெய் ஃபோங்கிடம் கேட்கலாம், அவள் எடுப்பாள், ஆனால் எழுந்ததும் என்றால் அவள் எங்கே நான் எங்கே. அம்மா இருந்திருந்தால், வேண்டாம், அம்மா பார்க்கவே வேண்டாம். வழித்துவிட்டு எடுத்து அனுப்பினால் என்ன. மறுபடி ஏமாற்றலாம், மறுபடி தப்பு மருந்து வரும், மறுபடி குடிக்கலாம், எனக்கு வழக்கம்தானே, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே குடித்துச் சாகலாம். கைபேசி அடித்தது, அவர்தான், மழையா இருக்கே, பசார்லயா நிக்கிற, வரவா என்றார். நான் யோசிப்பதற்கு முன்னால் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டேன். மருந்துக் கடை வாசலா என்று கேட்பார் என்று நினைத்தேன். சரி என்றார்.

பட்டறை வேனில் வந்தார், மோட்டார் சைக்கிளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டுவிட்டேன். ஏறிக் கதவைச் சாத்தியதும் சந்தன சோப்பு, எலுமிச்சை, பவுடர், எல்லாம் மூடிய வண்டிக்குள் குப்பென்று வந்தது. வேலை நடுவில் வந்தவர், எப்போது கழுவினார். கழுத்தில் பவுடர் வியர்வையில் வெள்ளைக் கோடாக நின்றது. நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மழைக்கு எல்லாக் கண்ணாடியும் ஏறியிருந்தது, இவ்வளவு சின்ன இடத்தில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. மூச்சை மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கடைத்தெரு முனை திரும்புவதற்குள் அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. மழை உள்ளே வந்தது. இவரும். இவ்வளவுதான், இவரும்தான். இனிமேல் மாமா வீட்டு ஹாலும் பெரியவர்களும் கோப்பித் தட்டும்தான் பாக்கி, அந்தப் பெண்ணின் சிரிப்பும் பாக்கி. இந்தமுறை கோப்பி தூக்க மாட்டேன். அவர் சொல்லி ஊர் கேட்பதைவிட நான் சொல்லி அவர் கேட்கட்டும், கடைசியாக அந்த மானமாவது எனக்கு இருக்கட்டும். மழைத்தண்ணீர் தோளில் ஓடுகிறது, நான் வாயைத் திறந்தேன்.

"என்னங்க. நாளைக்குக் காலையில எழுந்ததும் என் நாக்க ஒரு படம் எடுத்துத் தரணும்."

நாக்கா என்றார். நாக்குதான் என்றேன். பிறகு எல்லாம் வந்தது, டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், புளித்துக்கொண்டு வருவதை, படுக்க முடியாததை, முதுகுவலி பொய் என்பதை, அன்றைக்கு ராத்திரி தள்ளிவிட்டது உங்களை இல்லை என்பதை, சின்சேயை, வழித்து வழித்து மருந்தையே கெடுத்ததை, முந்தையவர் பெரியவர்கள் முன்னால் சொன்னதை, அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன், இத்தனை வருஷத்தில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. இப்ப உங்களுக்கும் அதே மாதிரி இருக்கு, அதான் கண்ணாடிய எறக்கிட்டீங்க, எனக்குத் தெரியும் என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். விளக்குக் கம்பத்துக்குக் கீழே, வைப்பர் போய்ப் போய் வந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் மேலே இருந்த கையைத்தான் பார்த்தேன், விரல் மடிப்பில் வெடித்து, எலுமிச்சை பட்டுச் சிவந்து, நகத்துக்கு அடியில் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தான் ஹால்ல படுத்தியா?"

ம் என்றேன்.

"நான் என் மேல அடிக்கிற கிரீஸ் நாத்தம்னு நெனச்சேன் லோகா," என்றார். "அன்னைக்கு நீ தள்ளிவிட்டியா, அதுலேருந்து. எவ்வளவு தேய்ச்சாலும் போமாட்டேங்குது. நீ எப்பவும் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்குவியே, வண்டியில ஏறுனா. அதான் உனக்குக் காத்து வரட்டும்னு எறக்குனேன்."

சட்டைக்குப் பின்னால் இருந்த சென்ட் பாட்டில். பூசாரி வீட்டுக்குப் போட்ட பவுடர். இரண்டு குளியல். ஏலக்காய். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, ஒவ்வொன்றும் என்னைப் பார்த்தே நின்றது. அவமானம் போகவில்லை, இடம்தான் மாறியது, இத்தனை நாள் நான் என் வாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் கையை உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வாடை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டும், அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குக் காலையில் படம் எடுக்கும்போது சொல்லலாம். இப்போது மழைச்சாரல் என்னைத் தாண்டி அவர் மடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பினேன், முழுசாக, அவர் முகத்துக்கு நேராக.

"கண்ணாடிய ஏத்துங்க," என்றேன். "நனையிறீங்க."